அந்தியில் இரைப்பையைத் தொட்டுப் பார்த்து: ஆறு வருட நாட்டுக்கோழித் தீவன அனுபவம்

2019 ஆடியில் ஐந்து சிறுவிடைக் கோழியும் (சின்ன உடம்பு நாட்டுக்கோழி ரகம்) ஒரு சேவலும் வாங்கி ஆரம்பித்தேன். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் கொல்லை, மூன்று முருங்கை, ஒரு அகத்தி, மாட்டுக்கொட்டகை, அதை ஒட்டி எருக்குழி. இன்றைக்கு வளர்ந்த கோழிகள் 30க்கு மேல் நிற்கின்றன. வருடத்தில் எப்போது பார்த்தாலும் இரண்டு மூன்று தாய்க்கோழிகள் குஞ்சுகளோடு திரியும். இந்த ஆறு வருடத்தில் கடைத் தீவனம், வீட்டுக் கலவை, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா, கரையான், புழு, கீரை என்று எல்லாமே போட்டுப் பார்த்துவிட்டேன். சில நின்றன, சில பாதியில் போயின. இரண்டையும் எழுதுகிறேன்.

கோழி வளர்க்கத் தொடங்குகிற எல்லோரும் கேட்பது, எந்தத் தீவனம் நல்லது என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது வருடம்தான் எனக்குப் பிடிபட்டது: திறந்து விட்டு வளர்க்கிற கோழிக்கு முதல் தீவனம் கொல்லையில் இருக்கிறது. அது என்ன தருகிறது, எதைத் தரவில்லை என்று தெரிந்தால்தான் நாம் எதைப் போடுவது என்று முடிவு செய்ய முடியும். ஐப்பசி, கார்த்திகையில் எருக்குழியைக் கிளறினால் புழுவும் பூச்சியும் அள்ளும், தானியம்தான் கிடைக்காது. தை, மாசியில் மக்காச்சோள அறுவடை முடிந்த காட்டில் மணி சிந்திக் கிடக்கும். அப்போது பூச்சி குறைந்திருக்கும். சித்திரை, வைகாசியில் இரண்டும் இல்லை, பச்சையும் இல்லை. வருடம் முழுக்க ஒரே தீவனத்தை ஒரே அளவில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் மழைக்காலத்துக் காசு வீணாகப் போனது, கோடையில் கோழி இளைத்தது.

இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. என் மாமியார் சொன்னதுதான். "அடையுற நேரத்துல இரைப்பையைத் தொட்டுப் பாரு கண்ணு, அது சொல்லும்" என்றார் அத்தை. கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே இருக்கும் பை. அந்தியில் கோழி அடையும்போது அது ஒரு எலுமிச்சம்பழம் போல் திரண்டு இருந்தால் அன்றைக்கு வயிறு நிறைந்திருக்கிறது. தட்டையாக இருந்தால் கொல்லையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். காலையில் திறந்துவிடும்போது அது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரி இருந்தால் அது வேறு பிரச்சினை, அடைப்பு. நான் வாரத்துக்கு இரண்டு நாள், நாலைந்து கோழியைப் பிடித்துத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாரத்துத் தீவன அளவை முடிவு செய்கிறேன். மழைக்காலத்தில் ஒரு கோழிக்கு நாளுக்கு 40 கிராம் போதுமாக இருக்கிறது. கோடையில் 70 கிராம் வரை போகிறேன். தீவனத்தைச் சாயங்காலம்தான் போடுகிறேன். காலையிலேயே போட்டால் வாசலைவிட்டு நகராது, மேய்ச்சலுக்குப் போகாது. காலையில் ஒரு கைப்பிடி கம்பு மட்டும், அதுவும் எண்ணிக்கை சரிபார்ப்பதற்காக.

இனி குஞ்சுகள். நான் அதிகம் அடிபட்டது இதில்தான்.

முதல் வருடம் குஞ்சுகளுக்கு அரிசிக் குருணை மட்டும் போட்டேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். 12 பொரித்தால் ஐந்தாறு நின்றது. பருந்தையும் கீரியையும் குறை சொன்னோம். ஆனால் குருணையில் புரதம் 8 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். குஞ்சுக்கு முதல் வாரங்களில் 20 சதவீதமாவது வேண்டும். இறக்கை முளைக்கவே புரதம்தான். இறக்கை முளைக்காத குஞ்சு மழையில் நனைந்தால் அன்றே போய்விடும். பருந்து வந்தால் ஓடி ஒளியவும் அதற்குத் தெம்பு இருக்காது.

சரி என்று அடுத்த ஈட்டுக்குக் கடையில் தீவனம் கேட்டேன். கடைக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து ஐந்து கிலோ போட்டுக் கொடுத்தார். எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னார். மூன்றாவது வாரம் குஞ்சுகள் தூங்கி விழ ஆரம்பித்தன. பின்பக்கம் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளையாக ஒட்டியது. வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு இரண்டு குஞ்சுகளையும் தீவனத்தில் ஒரு பிடியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் முதலில் தீவனத்தைத்தான் கையில் எடுத்தார். "அம்மா, இது முட்டைக்கோழித் தீவனம். பாருங்க, கிளிஞ்சல் தூள் தெரியுது" என்றார். முட்டை ஓட்டுக்காக அதில் கால்சியம் மூன்றரை சதவீதம் வரை சேர்ப்பார்கள். குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். அதிகமானதை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. அந்த ஈட்டில் ஒன்பது குஞ்சுகளை இழந்தேன். இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மூட்டையைப் பிரித்து எடுத்துக் கொடுத்தால், மூட்டைமேல் உள்ள சீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். லேயர் என்று இருந்தால் குஞ்சுக்கும் இன்னும் முட்டையிடாத வெடக்கோழிக்கும் வேண்டாம். முட்டையிடத் தொடங்கிய கோழிக்குத்தான் அது.

அதற்குப் பிறகு இன்றுவரை முதல் ஐந்து வாரம் கறிக்கோழிக் குஞ்சுக்கான ஸ்டார்ட்டர் நொறுங்கல்தான். இதில் நான் சிக்கனம் பார்ப்பதே இல்லை. ஐந்து வாரத்துக்கு ஒரு குஞ்சு தின்பது ஒரு கிலோவைத் தாண்டாது. ஆனால் தாய்க்கோழி அதைப் பார்த்துவிட்டால் ஐந்தே நிமிடத்தில் காலி செய்துவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரத்தை மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்து, உள்ளே தீவனத் தட்டையும் தண்ணீரையும் வைத்துவிடுகிறேன். குஞ்சுகள் இடுக்கில் நுழைந்து தின்றுவிட்டு வெளியே வரும். தாய் வெளியே நின்று கொக்கரிக்கும், உள்ளே வர முடியாது. காக்கையும் வராது. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு 12 பொரித்தால் ஒன்பது பத்து நிற்கிறது. தீவனம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்தும், எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சல் ஊசியும் தவறாமல் போடத் தொடங்கியதும் அதே சமயம்தான்.

ஸ்டார்ட்டருக்குத் துணையாகக் கரையான். நானே உண்டாக்கிய தீவனங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், செலவும் ஏறக்குறைய இல்லை. வாயகன்ற பழைய மண்பானை. அதில் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணி, சோளத்தட்டை, ஓலைத் துண்டு எல்லாம் திணித்து, நன்றாகத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மண்ணை லேசாகக் கொத்திவிட்டுச் சாயங்காலம் கவிழ்த்து வைக்க வேண்டும். விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் எடுக்க வேண்டும்; தாமதித்தால் திரும்ப மண்ணுக்குள் இறங்கிவிடும். பானையைத் தட்டினால் குஞ்சுகள் ஓடி வருகிற வேகத்தைப் பார்க்கவே காலையில் எழுந்திருக்கலாம். ஒரு பானை 20 குஞ்சுகளுக்குத் தாராளமாகப் போதும். எச்சரிக்கை ஒன்று: தென்னைக்கோ கரும்புக்கோ கரையான் மருந்து ஊற்றிய காட்டில் பானை வைக்காதீர்கள். நான் எங்கள் வேலியோரத்தைத் தாண்டிப் போவதில்லை. முற்றிய கோடையில் மண் இறுகிவிடும், பானை காலியாகத்தான் இருக்கும். அப்போது இரண்டு நாள் முன்பே அந்த இடத்தை நனைத்து வைத்தால் கொஞ்சம் கிடைக்கும்.

அசோலாவைப் பற்றி நான் சொல்வது சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் அமைப்பு அசோலாவைத் தீவனமாக விவசாயிகளிடம் கொண்டுசேர்த்ததில் முன்னால் நின்றது. மாடு வைத்திருப்பவர்கள் பலர் அதனால் பலன் அடைந்திருக்கிறார்கள். நானும் 2020இல் ஆறடிக்கு மூன்றடித் தொட்டி கட்டினேன். செங்கல் வரிசை, மேலே சில்பாலின் விரிப்பு, சலித்த மண், சாணிக் கரைசல், நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், ஒரு பிடி சூப்பர் பாஸ்பேட். தழைச்சத்தை அசோலாவின் இலைக்குள் இருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும், அதனால் மணிச்சத்தைத்தான் நாம் தர வேண்டும். நன்றாக வந்தது. தினமும் அரை கிலோ எடுத்தேன். புரதம் 25 சதவீதம் என்று கேட்டிருந்ததால் கடைத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தேன். இரண்டே மாதத்தில் முட்டை குறைந்தது.

நான் தவறவிட்ட விஷயம், அந்த 25 சதவீதம் காய்ந்த எடைக்கு. பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோவைக் காயவைத்தால் 60, 70 கிராம்தான் நிற்கும். அதில் கால் பங்கு புரதம் என்றால் சுமார் 15 கிராம். 100 கிராம் முட்டைக்கோழித் தீவனத்தில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு கோழியின் ஒரு நாள் தேவைக்கு ஒரு கிலோ அசோலா தின்ன வேண்டும். எந்தக் கோழியாலும் முடியாது. ஆகவே என் அனுபவத்தில் அசோலா ஒரு நல்ல கீரை. அப்படி வைத்துக்கொண்டால் அருமையானது. மஞ்சள்கரு நல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வருகிறது, கோடையில் பச்சையே இல்லாதபோது கை கொடுக்கிறது. ஆனால் அந்தக் கோடையில்தான் தொட்டித் தண்ணீர் சூடாகி அசோலா பழுப்பாகிச் சாகும். நிழல்வலை கட்டிய பிறகுதான் எங்கள் தொட்டி சித்திரையைத் தாண்டியது. சாணி வாடை போக இரண்டு தண்ணீரில் அலசித்தான் போட வேண்டும், இல்லையென்றால் கோழி முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

இப்போது தொட்டியை மாட்டுக்காக வைத்திருக்கிறோம். கோழிக்கு முருங்கையும் அகத்தியும் போதுமாக இருக்கிறது. கொத்தாகக் கட்டிக் கோழி எட்டிக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிடுகிறேன். தரையில் போட்டால் மிதித்துவிடும். சூபாபுல் தழை வேண்டாம், அதில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முட்டைகோஸ் மேல்தழை மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்; அதைச் சில மாதம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். மருந்து அதிகம் படுவது அந்த மேல்தழையில்தான், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தின்கிற முட்டை இது. கழிவைத் தின்று வளரும் பிஎஸ்எஃப் (பிளாக் சோல்ஜர் ஃபிளை) என்ற ஈயின் புழுவும் டிரம்மில் வளர்த்துப் பார்த்தேன். புழு நன்றாகத்தான் வந்தது, கோழியும் விரும்பித் தின்றது. ஆனால் தினமும் கழிவு சேகரிப்பது, ஈரம் பார்ப்பது, வாடை என்று என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஓட்டல் கழிவு கிடைப்பவர்கள், 100 கோழிக்கு மேல் வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கலாம்.

ஐந்து வாரத்துக்கு மேல் குஞ்சுகளை மெல்ல வீட்டுக் கலவைக்கு மாற்றுகிறேன். ஒரு வாரம் பாதிப் பாதி, அப்புறம் முழுவதும். என் கலவை பத்து கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, கம்பு ஒன்றரை, தவிடு ஒன்று, கடலைப் புண்ணாக்கு ஒன்றரை, உப்புப் போடாத கருவாட்டுத் தூள் 700 கிராம், மீதி தாது உப்புக் கலவை. புரதம் 16, 17 சதவீதம் வரும். உப்புக் கருவாடு வாங்கிவிடாதீர்கள், கோழிக்கு உப்பு அதிகமானால் கழிச்சல் வரும், செத்தும் போகும். கிளிஞ்சலை நான் கலவையில் சேர்ப்பதில்லை. தனிச் சட்டியில் வைத்துவிடுகிறேன். முட்டையிடுகிற கோழி தானே தேடிப்போய்த் தின்கிறது, மற்றவை தொடுவதில்லை. மழைக்காலத்தில் கருவாட்டுத் தூளைப் பாதியாக்கி மக்காச்சோளத்தைக் கூட்டுகிறேன். அறுவடைக்குப் பிறகு அப்படியே திருப்பி, தானியத்தைக் குறைத்துப் புண்ணாக்கைக் கூட்டுகிறேன்.

இந்தப் புண்ணாக்கில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. 2021 கார்த்திகை அடைமழையில் சாக்கின் அடியில் இருந்த புண்ணாக்கு பச்சை பூத்திருந்தது. மேலாகத் தட்டிவிட்டு, வெயிலில் ஒரு காய்ச்சல் காயவைத்துக் கலந்துவிட்டேன். பத்து நாளில் முட்டை நின்றது, இரண்டு நல்ல தாய்க்கோழிகள் இளைத்துச் செத்தன. பூஞ்சை விடுகிற அஃபலடாக்சின் என்ற நச்சு ஈரலைத் தாக்கும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் போகாது. பூஞ்சை பிடித்தது குப்பைக்குத்தான், எருக்குழிக்குக்கூட வேண்டாம், கோழி கிளறும். இப்போது பலகைமேல் மூடியுள்ள டிரம், பத்து நாளுக்கு மேல் கலந்து வைப்பதில்லை. தவிடும் அப்படித்தான், எண்ணெய்ப் பசை இருப்பதால் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும். மக்காச்சோளத்தைக் கடித்துப் பார்த்து, டக்கென்று உடைந்தால்தான் சேமிக்கிறேன்.

சிறுவிடைக்கு வருடம் 60, 70 முட்டைதான். தீவனத்தை எவ்வளவு கொட்டினாலும் அதைப் பண்ணைக்கோழி ஆக்க முடியாது, அதிகமாகத் தின்றால் கொழுப்பு கட்டி முட்டையே குறையும். எனக்குக் கிடைத்த பலன் எல்லாம் நிற்கிற குஞ்சுகளில்தான்.

எத்தனால் ஆலைகளும் வாங்கத் தொடங்கியபின் மக்காச்சோளம் விலை ஏறியது. அதனால் இந்த ஆடிப் பட்டத்தில் கிணற்று மேட்டில் கொஞ்சம் கம்பு விதைத்திருக்கிறோம். கதிர் பால் பிடித்திருக்கிறது. அத்தை தினமும் குருவி விரட்டப் போகிறார், கோழிகளும் அவர் பின்னாலேயே போகின்றன.