‘நிபுணர் சரிபார்த்தது’ என்ற முத்திரையால் 2,400 யூரோ போயிற்று: ஆப்பிரிக்கச் சடங்குக் கோல்கள் வாங்குவோர் கவனத்துக்கு

நேற்று மாலை அந்த ஏலத் தளத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் ஒரே ஒரு செய்திதான் இருந்தது: என் முறையீட்டைப் பரிசீலித்து முடித்துவிட்டார்களாம், இனி அதை மீண்டும் எடுத்துக்கொள்ள இயலாதாம். 2,400 யூரோ கொடுத்து நான் வாங்கிய ‘பழைய’ யொரூபா சடங்குக் கோல் அண்மையில் செதுக்கிச் சாயமேற்றிய புது மரம் என்பதை எழுத்திலும் படங்களிலும் காட்டிய பிறகு கிடைத்த பதில் இது. ஆப்பிரிக்க மரச்சிற்பங்களைச் சேகரிக்கும் தமிழர்கள் சிலரே என்றாலும், அவர்களில் ஒருவராவது தப்பட்டும் என்று உடனே எழுதுகிறேன். வங்கியிடம் செய்த முறையீடு நிலுவையில் இருப்பதால் தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. பழம்பொருள்களையும் நாட்டார் கலைப்பொருள்களையும் ஏலம் விடும் ஓர் ஐரோப்பியத் தளம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் நெடுங்காலம் தேடிய கோலின் பெயர் ஓஷே ஷாங்கோ. நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்கள் இடிக்கும் மின்னலுக்கும் உரிய தெய்வமாக வணங்கும் ஷாங்கோ, முன்னொரு காலத்தில் ஓயோ நாட்டை ஆண்ட மன்னர் என்பது அவர்கள் மரபு. அவருடைய அடியார்கள் விழாக்களில் ஆடும்போது கையில் ஏந்துவது இந்தக் கோல். கைப்பிடிக்கு மேலே பெரும்பாலும் மண்டியிட்ட பெண்ணுருவம் ஒன்றும், அவள் தலைமீது இரட்டைக் கோடரியும் இருக்கும். ஷாங்கோ வானிலிருந்து எறியும் இடிக்கற்களை அந்தக் கோடரி குறிக்கிறது. உழவர்களுக்கு நிலத்தில் கிடைக்கும் பழங்காலக் கற்கோடரிகளே அந்த இடிக்கற்கள் என்று நம்பி, கோயிலில் கவிழ்த்த உரலின்மேல் வைத்துப் போற்றுவார்கள். ஆடியவர்களின் கைபட்டுக் கைபட்டு மெருகேறிய பிடியும், உருவத்தின் இடுக்குகளில் தங்கிப்போன அவுரி நீலமும், காம்வுட் மரத்தின் செம்பொடியும்தான் பழைய கோலின் அழகு. அந்த அழகைக் காட்டித்தான் என்னிடம் விற்றார்கள்.

விற்பனையாளர் காணொளி அழைப்பில் வந்து, கோலைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். 1930களில் நைஜீரியாவின் அபேயோகுட்டா நகரில் பணியாற்றிய மதகுரு ஒருவரின் குடும்பத்திலிருந்து வந்தது என்று சொல்லி, பழுப்பேறிய புகைப்படம் ஒன்றையும் அனுப்பினார். ஜெர்மானிய ஆய்வாளர் லியோ ஃப்ரோபெனியஸ் 1910இல் இபாதானில் கண்ட ஷாங்கோ கோயிலைப் பற்றியும் அங்கிருந்த செதுக்குத் தூண்களைப் பற்றியும் அவர் பேசிய விதத்தில், பொருளை உண்மையாகவே நேசிக்கும் ஒருவரிடம் பேசுவதாகவே எவருக்கும் தோன்றும். “இன்னொருவரும் கேட்கிறார், ஆனால் இதன் அருமை தெரிந்த உங்களிடம் போய்ச் சேர்வதுதான் எனக்கு நிறைவு” என்றார். ஆனாலும் நான் பணத்தைக் கட்டியது அவர் பேச்சுக்காக அன்று. கோலின் படத்துக்குக் கீழே ‘நிபுணர் சரிபார்த்தது’ என்று தளமே முத்திரை இட்டிருந்தது. பொருள் உங்கள் கைக்கு வரும்வரை பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்ற உறுதிமொழியும் அதன் அருகிலேயே இருந்தது. தளத்தின் கட்டணமும் அனுப்புக் கூலியும் சேர்த்து 2,400 யூரோ.

பெட்டியைத் திறந்ததும் புகை வாடை வீசியது. அருங்காட்சியகம் ஒன்றில் மரப்பொருள்களைப் பழுதுபார்த்துப் பேணும் ஒருவரிடம், அவருக்கு நேரம் கிடைத்த நாளில், கொண்டுபோய்க் காட்டினேன். ஈரப்பஞ்சால் அவர் மெதுவாக ஒற்றியபோது கரியும் காலணி மெழுகு போன்ற ஒன்றும் ஒட்டி வந்தன. பூச்சி அரித்த துளைகள் என்று நான் மதித்தவை எல்லாம் ஒரே அளவில், நேராக, துளைப்பானால் போட்டவை. உண்மையான பூச்சித் துளைக்கு உள்ளே வளைந்து வளைந்து செல்லும் வழி இருக்கும். கை பிடிக்கவே முடியாத பெண்ணுருவத்தின் முதுகு தேய்ந்திருந்தது, அதுவும் உப்புத்தாள் இழுத்த இணைகோடுகளோடு. பிடிக்க வேண்டிய இடத்திலோ உளியின் கூர்மை அப்படியே இருந்தது.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது கோலோடு வந்த சான்றிதழ். வெப்ப ஒளிர்வுச் சோதனை மூலம் காலம் கணிக்கப்பட்டது என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அந்தச் சோதனை சுட்ட மண்ணுக்கு உரியது. மண் கடைசியாகச் சூடேறிய காலத்தை அது காட்டும். ஒரு மரக்கோலின் வயதை அதனால் சொல்ல முடியாது. மரத்துக்குக் கதிரியக்கக் கார்பன் சோதனை உண்டு. கடந்த மூன்று நூற்றாண்டுகளுக்கு அதுவும் துல்லியமான ஆண்டைத் தராது. 1950களிலும் 1960களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் தடம் மரத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடும். இவ்வளவு அடிப்படையான செய்தி அந்தத் தளத்தின் நிபுணருக்குத் தெரியாதா?

அதன்பின் நடந்தது முழுக்கத் தட்டிக்கழிப்பு. முதலில், விற்பனையாளரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவரோ, சடங்கில் பயன்படும் வகைக் கோல் என்றுதான் சொன்னேன், சடங்கில் பயன்பட்டது என்று சொல்லவில்லை என்று எழுதினார். மறுபடி தளத்திடம் போனபோது, பொருள் கைக்கு வந்த மூன்று நாளுக்குள் முறையிடாததால் பணம் விடுவிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். நிபுணரின் கடிதம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அருங்காட்சியகப் பணியாளரின் கடிதத்தை அனுப்பியதும், எங்கள் குழுவில் இல்லாதவர் கருத்தை ஏற்க இயலாது என்றார்கள். அப்படியானால் உங்கள் நிபுணரே கோலை நேரில் பார்க்கட்டும், அனுப்பும் செலவையும் நானே ஏற்கிறேன் என்று எழுதினேன். அவர் ஏற்கெனவே படங்களைப் பார்த்து உறுதி செய்துவிட்டார் என்று பதில் வந்தது. படங்களைப் பார்த்து! கோலைத் தொடாத ஒருவரின் முத்திரைக்குத்தான் 2,400 யூரோ.

புதிய கோலாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. யொரூபா நாட்டில் இன்றும் நல்ல சிற்பிகள் இருக்கிறார்கள். புதியது என்றே சொல்லி, சிற்பியின் பெயரையும் சொல்லி நியாயமான விலைக்குத் தந்திருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். இவர்கள் செய்தது அந்தச் சிற்பியின் உழைப்பைக் கரிபூசி மறைத்து, இல்லாத மதகுரு ஒருவரின் பெயரில் விற்றது. 1930கள் என்று காலத்தைச் சொன்னதன் காரணமும் இப்போது விளங்குகிறது. பழம்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும் என்று நைஜீரியாவில் 1953இல் சட்டம் வந்தது. அந்தப் பொறுப்பு 1979இல் தேசிய அருங்காட்சியக, நினைவுச்சின்ன ஆணையத்திடம் சென்றது. 1953க்கு முன்பே வெளியேறியது என்று சொல்லிவிட்டால் எவரும் அனுமதித் தாளைக் கேட்கமாட்டார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது மனம் அதற்கு இடம் தரவில்லை. முத்திரை இட்டவர் பொருளை நேரில் பார்த்தாரா என்று எழுத்தில் கேளுங்கள். மரப்பொருளுக்கு வெப்ப ஒளிர்வுச் சான்றிதழ் தந்தால் அங்கேயே விலகுங்கள். பிடியும் அடிப்பாகமும் துளைகளும் தெரியும்படி வெயிலில் எடுத்த படங்களைக் கேளுங்கள். கைக்கு வந்த அன்றே, ஐயம் இல்லாவிட்டாலும், முறையீட்டுக் கெடுவை நீட்டிக்கச் சொல்லி எழுதுங்கள். அதே விற்பனையாளர் இன்று காலை இன்னொரு ஷாங்கோ கோலை ஏலத்தில் போட்டிருக்கிறார். அதன் பெண்ணுருவத்துக்கும் முதுகில்தான் தேய்மானம். அதற்கு விலை கேட்காதீர்கள்.