மூன்று வார லீவும் ஐந்து லட்ச ரூபாய் அட்டையும்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் லீவில் வரும் சபராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், பலரும் வாப்பா உம்மாவுக்கு எடுத்துக் கொடுக்க நினைப்பது முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை. நல்ல காரியம்தான். அது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று தெரியாமல் அலைந்தால் லீவு அதிலேயே தீர்ந்துபோகும்.

குடும்ப அட்டை, எல்லாருடைய ஆதார், வருமானச் சான்று. இந்த மூன்றோடு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். காரியம் சிக்குவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான். ஒன்று, ஆதாரில் ஒரு இனிஷியல், குடும்ப அட்டையில் வேறு இனிஷியல். மற்றது, வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயர் இன்னும் குடும்ப அட்டையிலேயே இருப்பது. ‘மகன் என்ன சம்பாதிக்கிறார்?’ என்று வி.ஏ.ஓ. கேட்பார், கேட்பது நியாயமும்கூட. ஆகவே இறங்கிய மறுநாளே பெயர்த் திருத்தத்துக்கும் நீக்கத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் சான்றுக்குப் போங்கள். வரிசை மாறினால் இரண்டு வேலை.

சர்க்கரை மாத்திரைக்கும் காய்ச்சலுக்கும் அட்டை செல்லாது. டயாலிசிஸ், இருதய ஆபரேஷன் என்று பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான், அதுவும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில்தான். ஆஸ்பத்திரியே கணினி வழியாக முன் அனுமதி கேட்கும். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் பணம் திரும்பாது. சேரும்போதே அட்டையைக் காட்டுங்கள்.

அன்றாட நோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையம்தான். மருந்தை மொத்தமாக வாங்கிக் கிடங்கு வழியே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் வந்தது. இங்கே மாத்திரை காசில்லாமல் கிடைப்பதற்கு அதுதான் முதுகெலும்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பெரியவர்கள் பெயர் அந்தப் பதிவில் இருக்கிறதா என்று பார்ப்பது அட்டையைவிட முக்கியம் என்பேன்.

அரசு ஆஸ்பத்திரியா, காப்பீடா என்ற வாதமும் இதைச் சுற்றித்தான். காசில்லை என்பதற்காக ஒருவருக்கு வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்று 1946-லேயே ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு சொன்னது. பிரிட்டன் 1948-ல் வரிப்பணத்தில் எல்லாருக்கும் ஒரே சேவை என்று போனது. நாம் அரசு ஆஸ்பத்திரியையும் வைத்துக்கொண்டு காப்பீட்டையும் சேர்த்தோம். 2009-ல் கலைஞர் காப்பீடு. 2012-ல் அது முதலமைச்சர் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய்க் காப்பீடானது. ‘தனியாருக்குப் போகும் பணத்தில் ஜி.எச்.சைப் பெருக்கலாமே’ என்பது ஒரு தரப்பு. ‘இருதயம் அடைத்தவன் ஜி.எச். பெருகும் வரை காத்திருப்பானா?’ என்பது எதிர்த்தரப்பு. தமிழ்நாட்டில் ஜி.எச். செய்யும் ஆபரேஷனுக்கும் காப்பீட்டுப் பணம் அந்த ஜி.எச்.சுக்கே வருகிறது என்பதை இரண்டு தரப்புமே அதிகம் பேசுவதில்லை.

இந்தக் கரையில் அதைவிடப் பெரிய சிக்கல் தூரம். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் போல, அங்கிருந்து மதுரை இன்னும் 110. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் நெஞ்சுவலி என்றால் காரில் ஏற்றிக்கொண்டு நேரே மதுரைக்குப் பறக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியிலேயே ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையும் வேண்டாம், வருமானமும் கேட்கமாட்டார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரருக்கும் அது உண்டு. அட்டை பற்றிய சந்தேகத்துக்கு 1800 425 3993. கட்டணமில்லாத எண் என்பதால் கிளம்பும் முன் வீட்டுப் போனில் பதிந்து வைத்துவிடுங்கள்.