ட்ரொன்டால் பூச்சி மாத்திரை: எங்கள் வீட்டு நாய், பூனைகளுக்குக் கொடுத்த அனுபவம்

பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் ஒரு நாய், இரண்டு பூனைகள். கருப்பன், சின்னி, மணி. 3 மாதத்துக்கு ஒருமுறை மூன்றுக்கும் ட்ரொன்டால்தான். உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு மூன்றையும் ஒரே வேளையில் பார்த்துக்கொள்ளும். மலிவான சிரப்பில் பைரன்டெல் என்ற மருந்து மட்டும் இருந்தால் நாடாப்புழு அசையவே அசையாது. அட்டையில் நாடாப்புழுவைத் தீர்க்கும் பிராசிகுவன்டெல் என்ற பெயரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளவு எடையைப் பொறுத்தது: நாய்க்கு 10 கிலோவுக்கு 1 மாத்திரை, பூனைக்கு 4 கிலோவுக்கு 1. இரண்டும் வேறு வேறு கலவை, ஒன்றை உடைத்து மற்றதற்குக் கொடுக்க வேண்டாம். கருப்பனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, என் எடையைக் கழித்துவிடுவேன். அவனுக்கு வேகவைத்த கோழி ஈரலில் வைத்தால் போதும், மென்றுகூடப் பார்க்க மாட்டான்.

மணி கதை வேறு. 6 கிலோ பூனை, ஒன்றரை மாத்திரை. முழு மாத்திரை வழுவழுவென்று இறங்கிவிடும். வெட்டிய பாதியில்தான் சிக்கல்: வெட்டிய பக்கம் நாக்கில் பட்டதும் கசப்பில் வாயெல்லாம் நுரை, அரைமணி நேரம் சோபாவுக்கு அடியில் கோபம். இப்போது அந்தப் பாதியில் கொஞ்சம் வெண்ணெய் தடவி, துண்டில் சுற்றிப் பிடித்து, நாக்கின் மேல் பின்பக்கமாக, தொண்டைக்கு அருகே வைத்துவிட்டு, சிரிஞ்சில் ஒரு வாய் தண்ணீர். வேலை முடிந்தது.

குறை என்றால், இது அன்றைக்கு வயிற்றில் இருப்பதைத்தான் தீர்க்கும். மறுநாளே புழு மறுபடி ஏறலாம். சின்னியின் வாலடியில் காய்ந்த சோற்றுப்பருக்கை மாதிரி ஒட்டியிருந்தது நாடாப்புழுத் துண்டு. அதன் குட்டிப்புழு தெள்ளுப்பூச்சிக்குள் இருக்கும், பூனை உடம்பை நக்கும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடும். அதனால் மாத்திரை கொடுக்கும் வாரமே கழுத்தில் தெள்ளு மருந்தும் விடுகிறேன். கொசுவால் வரும் இதயப்புழுவுக்கும் ட்ரொன்டால் உதவாது. நாய்க்கு அது தனி மருந்து, ரத்தம் சோதித்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் வீடு என்றால் தவணையைத் தள்ளிப்போடாதீர்கள். நாய், பூனையின் கொக்கிப்புழுவில் ஆன்சிலோஸ்டோமா சிலானிகம் என்ற வகை மனிதக் குடலிலும் வளரும், மலேசியாவிலும் இருக்கிறது. குட்டிகளுக்கு 3 மாதத் தவணை போதாது. அடிக்கடி கொடுக்க வேண்டும், டாக்டரிடம் கேளுங்கள்.

நிபோங் திபாலில் ஆடு வளர்க்கும் என் மாமா, "அதையே எனக்கும் வாங்கி வா" என்றார். இது ஆட்டுக்கு இல்லை மாமா! ஆட்டுக்குக் கணக்கே வேறு. மாதாமாதம் மந்தை முழுக்க ஒரே மருந்தை ஊற்றினால் புழு அதற்குப் பழகிவிடும். கீழ் இமையை இழுத்துப் பார்த்து, வெளுத்திருக்கும் ஆட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு இருந்தால் இமை வெளுக்கும். மாமா இப்போது அப்படித்தான் செய்கிறார்.

வாங்கும்போது ஒன்று: பக்கத்தில் ஒரு கடையில் அட்டையை வெட்டி ஒற்றை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், காலாவதித் தேதி வெட்டில் போய்விடுகிறது. சில வெள்ளி கூடினாலும் நான் கிளினிக்கில்தான் வாங்குகிறேன், எடையும் அங்கேயே போட்டுவிடலாம்.