தைராய்டு மாத்திரை டப்பா: எதை வாங்குவது, எங்கே கோட்டை விடுகிறோம்

மருந்துக்கடையில் "தைராய்டு மாத்திரை" என்று கேட்டால் எடுத்துத் தருவது லெவோதைராக்சின் சோடியம். அபாட்டின் தைரோநார்ம், கிளாக்ஸோவின் எல்ட்ராக்சின், மேக்லியாட்ஸின் தைராக்ஸ் என்று பெயர்கள் பல. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்: கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சுரக்கும் அதே டி4 ஹார்மோன், ஆலையில் செய்தது; சுரப்புக் குறைந்தவர்களுக்கானது. விலை மாத்திரை ஒன்றுக்கு இரண்டு ரூபாயைச் சுற்றி வரும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அரசு உச்சவரம்பும் உண்டு. மருந்தாக மட்டும் பார்த்தால் இதைவிட நேர்மையான மாத்திரை கிடைப்பது அரிது. போடுவது உடம்புக்குள் போனால் வேலை செய்தே தீரும்.

அந்த "போனால்" என்பதில்தான் சிக்கல். தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், சுரப்புக் குறைந்தால் ரத்தத்தில் ஏறும்; மருந்து சரியாகச் சேர்ந்தால் இறங்கும். "வருஷக்கணக்கா போடுறேன், டிஎஸ்எச் இறங்கவே மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் முதலில் கம்பெனியைச் சந்தேகிப்பார்கள், அடுத்து டாக்டரை. காபி டம்ளரைச் சந்தேகிப்பவர்கள் குறைவு.

மாத்திரையின் அளவே மிகச் சிறியது: டப்பாவில் எழுதியிருக்கும் 100 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கையில் எடுக்கும் வெள்ளை மாத்திரையில் கிட்டத்தட்ட முழுவதும் நிரப்புப் பொருள்தான். மருந்து அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு. நிரப்பியை மாற்றினால்கூட ஆட்டம் காணும் மருந்து இது. 2017 மார்ச்சில் பிரான்ஸில் மெர்க் நிறுவனம் தன் லெவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மன்னிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தது. காலாவதி நாள்வரை வீரியம் குறையாமல் இருக்கவே அந்த மாற்றம். ஆனால் களைப்பு, தலைவலி, முடி கொட்டுதல் என்று ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் பழைய கலவையை யூதிராக்ஸ் என்ற பெயரில் மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2007இல் இந்த மாத்திரைக்கு மட்டும் வீரிய வரம்பை 95 முதல் 105 சதவீதம் என்று இறுக்கியது.

அதனால் "எந்தப் பிராண்டு நல்லது?" என்ற கேள்விக்கு எங்கள் பதில் சப்பென்றுதான் இருக்கும்: எது உங்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கிறதோ அது. பிடித்ததை விடாமல் பிடிக்க வேண்டும். கடைக்காரர் "அது ஸ்டாக் இல்ல, இதுவும் அதே மருந்துதான்" என்று வேறு டப்பாவை நீட்டினால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மாற்றி வாங்கினால் ஆறு வாரம் கழித்து ஒரு டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். மாதத்துக்கொரு பிராண்டு என்று ஓடிக்கொண்டிருந்தால் அளவு சரியா இல்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆன்லைனில் வாங்குபவர்கள் பெட்டி வந்ததும் பெயரைப் பார்க்க வேண்டும். மலிவான மாற்று என்று அவர்களே மாற்றி அனுப்புவதுண்டு. கர்ப்பிணிகளும், தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களும் பிராண்டு மாற்றவே வேண்டாம்; அவர்களுக்கு டிஎஸ்எச் சிறிது நகர்ந்தாலும் கணக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் தைரோநார்முக்குக் கூடுதல் மதிப்பெண் தருவோம். 25, 50, 75, 100 என்ற வழக்கமான படிகளோடு 12.5, 62.5, 88, 112, 137 என்று இடைப்படிகளும் அதில் உண்டு. 75 போட்டால் டிஎஸ்எச் ஏறுகிறது, 100 போட்டால் படபடக்கிறது என்பவர்களுக்கு 88 ஒரு வரப்பிரசாதம். அது கிடைக்காத ஊரில் ஒருநாள் 75, மறுநாள் 100 என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்வார்கள்; சராசரி 87.5. இந்த மருந்தின் அரைவாழ்வு, அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏழு நாள். ரத்தத்தில் மெதுவாகத்தான் குறையும் என்பதால் ஒருநாள் கூடியதும் மறுநாள் குறைந்ததும் தெரியாது.

படிகள் கூடியதற்கு ஒரு விலையும் உண்டு: புள்ளி. சீட்டில் 12.5 என்று எழுதியிருப்பது வேகக் கையெழுத்தில் 125 ஆகிவிடும். பத்து மடங்கு. இதயக் கோளாறுள்ள எழுபது வயதுக்காரருக்கு இது விளையாட்டல்ல. டப்பாவை வாங்கியதும் கடையிலேயே நின்று எண்ணைச் சத்தமாகப் படியுங்கள். பழைய டப்பாவைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. வெளிநாட்டிலிருந்து வரும் டப்பாவில் 0.1 மில்லிகிராம் என்றிருந்தால் அது நம் 100 மைக்ரோகிராம். இன்னொன்று: சுரப்பி அதிகமாகச் சுரப்பவர்களுக்கான கார்பிமசோல் மாத்திரையும் "தைரோ" என்று தொடங்கும் பெயரில் விற்கிறது. அது இதற்கு நேர் எதிர் மருந்து. பெயரின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பையில் போடக் கூடாது.

டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100 அல்லது 120 மாத்திரை கொண்ட பிளாஸ்டிக் டப்பா மூன்று, நான்கு மாதத்துக்கு வரும். அதைத் தினமும் திறந்து மூடுகிறோம். லெவோதைராக்சினுக்கு ஆகாதவை மூன்று: சூடு, ஈரம், வெளிச்சம். நம் கடற்கரை ஊர்களில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. மறக்காமல் இருக்கட்டும் என்று அடுப்படி மேடையில், மிக்சிக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். குளியலறை அலமாரியும் கார் டேஷ்போர்டும் அடுத்தபடி. படுக்கையறையில் வெயில் படாத அலமாரி போதும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஈரக் கையால் எடுக்காமல் மூடியில் ஒன்றைத் தட்டி அப்படியே வாயில் போடுங்கள். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் கொட்டி வைக்க வேண்டாம். வெளியூர் போகிறவர்களுக்கு அட்டையில் வரும் பிராண்டு வசதிதான். ஆனால் பயணத்துக்காக மட்டும் பிராண்டை மாற்றுவது தேவையில்லாத வேலை.

இனி காலை வேளை. விதி எளிது: வெறும் வயிறு, ஒரு முழு டம்ளர் தண்ணீர், அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை வேறெதுவும் கூடாது. நல்ல நிலையில்கூட சிறுகுடல் இழுத்துக்கொள்வது மாத்திரையில் 70, 80 சதவீதம்தான். மேலே காபி விழுந்தால் அதுவும் குறைகிறது. பாலில்லாத கறுப்புக் காபியும் குறைக்கும் என்பதால் "நான் பால் சேர்க்கிறதில்லையே" என்பது செல்லாது. சீரகத் தண்ணீர், ஊறவைத்த வெந்தயம், நெல்லிக்காய்ச் சாறு, சத்துமாவுக் கஞ்சி எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே போகட்டும். எழுந்ததும் டிகாக்ஷன் வாசம் வந்தால் தாங்காத வீடுகளில் நடைமுறைக்கு ஒத்துவருவது இது: தலைமாட்டில் டப்பாவும் மூடிய தண்ணீரும். ஐந்தரைக்கு விழிப்பு வந்ததும் போட்டுவிட்டு, பால் காய்ச்சி, வாசல் தெளித்து முடித்தால் ஆறரை ஆகியிருக்கும்.

அதுவும் முடியாது என்றால் இரவு போடலாம். கடைசிச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் வேண்டும். ஏழரைக்கு இட்லி முடித்துப் பத்தரைக்குப் போடுபவர்களுக்குக் காலையில் போடுபவர்கள் அளவுக்கே பலன் கிடைக்கிறது. படுக்கும்போது பால் குடிக்கும் வழக்கம் இருந்தால் இது ஒத்துவராது. எந்த நேரமானாலும் ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைநாளில் காலை, ஞாயிறு மத்தியானம் என்று போட்டால் ரிப்போர்ட்டும் அப்படித்தான் அலையும்.

உண்மையான வில்லன்கள் மற்ற மாத்திரைகள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் தைராக்சினைக் குடலிலேயே கட்டிப்போட்டு வெளியே அனுப்பிவிடும். நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். ஜெலுசில் போன்ற அமில முறிவு மருந்துகளுக்கும், வயிற்றுப் புண்ணுக்கான சுக்ரல்ஃபேட்டுக்கும் இதே கணக்கு. "கேஸ் மாத்திரை" என்று சொல்லும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை வேறு மாதிரி: மாத்திரை கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், இவை அமிலத்தையே குறைக்கின்றன. நேரம் தள்ளிப் போட்டாலும் இதற்குத் தீர்வில்லை. மாதக்கணக்கில் எடுத்தால் தைராக்சின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். நம் ஊரில் காலையில் முதலில் "கேஸ் மாத்திரை", கூடவே தைராய்டு, பத்து நிமிஷத்தில் காபி, டிபனோடு கால்சியம் என்று ஒரே மூச்சில் முடிப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு 25 கூட்டுவதற்கு முன் கால்சியத்தை ராத்திரிக்குத் தள்ளிப் பார்ப்பது உத்தமம்.

முட்டைக்கோசு, காலிஃபிளவர் சாப்பிடலாமா என்ற நித்தியக் கேள்விக்கு: சமைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். அவை தடுப்பது சுரப்பியின் உற்பத்தியை. ஹார்மோனே மாத்திரையாக வரும்போது தடுக்க என்ன இருக்கிறது? சோயா மட்டும் உறிஞ்சுதலைக் குறைக்கும். அதையும் விட வேண்டியதில்லை, மாத்திரை நேரத்துக்குப் பக்கத்தில் வராமல் பார்த்தால் போதும்.

அளவு டாக்டர் வேலை; இருந்தாலும் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. சுரப்பி அடியோடு வேலை செய்யாத பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் 96. ஆக 100 மாத்திரை. டிஎஸ்எச் கொஞ்சமே ஏறியிருந்தால் 25, 50 போதும். வயதானவர்கள், இதய நோயாளிகளுக்கு 12.5 அல்லது 25இல் தொடங்கிப் பையப் பைய ஏற்றுவார்கள். ஏற்றும் வேகம் பிடிக்காமல் நீங்களே இரண்டு போட்டால் நெஞ்சுவலியில் முடியலாம். பிறவியிலேயே சுரப்புக் குறைந்த பச்சைக் குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 வரை. மாத்திரையை ஒரு ஸ்பூனில் பொடித்து, சில சொட்டுத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து அப்போதே கொடுத்துவிட வேண்டும். கரைத்து மறுநாளைக்கு எடுத்துவைத்தால் வீரியம் போய்விடும். பால் புட்டியில் கலக்கவும் கூடாது. குழந்தை பாதியில் நிறுத்தினால் மருந்தும் பாதிதான்.

கர்ப்பம் உறுதியானதும் தேவை சட்டென்று ஏறும். ஏற்கெனவே மாத்திரை போடுபவர்களுக்கு அமெரிக்க தைராய்டு சங்கம் சொல்லும் வழி, வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை. முதல் ஸ்கேன் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சோதனையிலும் சில தந்திரங்கள் உண்டு. மாத்திரை தொடங்கியபின், அல்லது அளவு மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். அரைவாழ்வு ஏழு நாள் என்றோமே, ரத்த அளவு நிலைக்கவே ஐந்தாறு வாரம் ஆகிறது. இரண்டே வாரத்தில் பார்த்து அளவைக் கூட்டுவது வண்டி நிற்பதற்குள் இறங்குவது போல. ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4) பார்ப்பதாக இருந்தால் ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் சில மணி நேரம் அது ஏறிக் காட்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல லேப் கருவிகளில் பயோட்டின் டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டிவிடும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் முடி இன்னும் கொட்டும். டிஎஸ்எச் உயர்ந்தும் ஃப்ரீ டி4 நன்றாகவும் இருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் லேசாகச் சிரித்தால் காரணம் இது: மாதம் முழுக்க மறந்துவிட்டு, சோதனைக்கு முந்தைய நாலு நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டவர்களின் ரிப்போர்ட் அப்படித்தான் வரும்.

எடை குறையும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு இந்த மாத்திரை ஏமாற்றம்தான். சுரப்புக் குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். அவ்வளவுதான் இறங்கும். வேகமாக மெலியக் கூடுதலாகப் போட்டால் கை நடுக்கம், தூக்கமின்மை, படபடப்பு, ஒழுங்கற்ற இதயத் துடிப்பு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானமும் சேரும்.

ஒருநாள் மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்ததும், வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போடலாம். ஒரு வேளை தவறியதால் உடம்பில் எதுவும் தெரியாது. தெரியாததால்தான் அது மூன்று வேளை, ஐந்து வேளை என்று வளர்கிறது. டப்பா திறந்த தேதியை மூடியில் பேனாவால் எழுதிவிடுங்கள். 100 மாத்திரை டப்பா நூற்றுப் பதினைந்தாம் நாளும் காலியாகவில்லை என்றால், லேபுக்குப் போகும் முன்பே விடை கையில் இருக்கிறது.