ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாமா? ஒரு லேப் டெக்னீஷியனின் மதிப்புரை

குழந்தைகள் இருக்கிற வீடா, யோசிக்காமல் வாங்குங்கள். பெரியவர்களும் தங்களுக்கென்றே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நோய் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மைக்ரோஸ்கோப்பின் ஐபீஸில் (கண் வைக்கும் லென்ஸ்) கண்ணை வைத்தே பாதி வாழ்க்கை போனது. அதனால் இந்தக் காகித மைக்ரோஸ்கோப் கைக்கு வந்ததும், லேபுக்கு வரும் புது மைக்ரோஸ்கோப்பை எப்படிச் சோதிப்பேனோ அப்படித்தான் சோதித்தேன்.

பொருள் இதுதான்: தண்ணீரில் ஊறாத, எளிதில் கிழியாத தாள். அதில் அச்சடித்த கோடுகளின்படி மடித்து, நாக்குகளைத் துளைகளில் செருகினால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பட்டை வரும். நடுவில் கடுகளவு ஒரு கண்ணாடி உருண்டை. அதுதான் லென்ஸ், அந்த ஒன்றே ஒன்றுதான். ஸ்லைடைச் செருகி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணை இமைமுடி உரசும் அளவுக்கு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். காகிதத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் லென்ஸ் மேலே கீழே நகர்ந்து ஃபோகஸ் ஆகும். 140 மடங்கு பெரிதாகக் காட்டும். 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். பதினேழாம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் ஊர்த் துணி வியாபாரி லீவன்ஹுக் ஒற்றை லென்ஸ் வைத்துத்தான் நுண்ணுயிர்களை முதன்முதலில் பார்த்தார். அதே வழிதான் இதுவும்.

எங்கள் தெருக் குளத்துத் தண்ணீரில்தான் தொடங்கினோம். பாசியைப் பிழிந்து ஒரு சொட்டு, மேலே கவர் ஸ்லிப் என்ற மெல்லிய மூடுதுண்டு. பேத்தி முதலில் பார்த்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்மாச்சி, இதுக்கு மூஞ்சியில ரெண்டு சக்கரம் ஓடுது!" என்று கத்தினாள். ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர் உயிரி. வாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய இழைகள் வரிசையாக அசைவதால் சக்கரம் சுற்றுவதுபோல் தெரியும். அந்தச் சுழலில்தான் அது உணவை உள்ளே இழுக்கிறது. அதன் உடம்புக்குள்ளே அரவை நடப்பதும் தெரிந்தது. கண்ணாடி போன்ற உடம்பு, உள்ளே இரண்டு தாடைகள் விடாமல் மென்றுகொண்டே இருக்கின்றன. பக்கத்தில் பாசி இழையில் ஒட்டியிருந்த வோர்ட்டிசெல்லா என்ற ஒற்றைச் செல் உயிரி, ஸ்லைடை லேசாகத் தட்டியதும் காம்பைச் சுருட்டிக்கொண்டு, மெதுவாக மறுபடி நிமிர்ந்தது. வேலையில் இருந்த காலத்தில் இதையெல்லாம் பார்க்க எனக்கு நேரம் இருந்ததே இல்லை. அடுத்த ஸ்லைடு, அடுத்த ரிப்போர்ட் என்று ஓடிவிட்டது.

சாக்கடையில் எடுத்த கியூலெக்ஸ் கொசுப் புழுவையும் வைத்துப் பார்த்தோம். 140 மடங்கில் முழுப்புழுவும் ஒரே பார்வையில் அடங்காது. வால் பக்கத்து மூச்சுக்குழல், அதன் மேலுள்ள முடிக்கொத்து, குடலில் உணவு நகர்வது என்று துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்த இனம்தான். இதை வளர்ந்த கொசுவாக மட்டுமே அறிந்தவர்கள் ஒருமுறை இப்படிப் பார்த்தால், மூடாத தொட்டியைக் கண்டால் சும்மா கடந்து போக மாட்டார்கள்.

சரி, நோய் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சைபுல்ஸ்கியும் சக ஆய்வாளர் ஒருவரும் 2014-ல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உதிரிப்பொருள் செலவு ஒரு டாலருக்கும் கீழே என்றும், மிகச் சிறிய லென்ஸ் வைத்தால் 2,000 மடங்குக்கு மேல் காட்டும் என்றும் அதில் இருந்தது. செய்திகளில் இது மலேரியா பரிசோதனைக் கருவியாகவே பரவியது. கடையில் நான் வாங்கியது 140 மடங்குதான். மலேரியா ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் தடவிய ரத்தத்தை, நாங்கள் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே எண்ணெய் விட்டு (ஆயில் இம்மர்ஷன்) 1,000 மடங்கில் பார்ப்போம். ஒரு சிவப்பணுவின் அகலம் ஏறக்குறைய 7 மைக்ரான். அதற்குள் மோதிரம் போல் இருக்கும் இளம் ஒட்டுண்ணி, அணுவில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஃபோல்ட்ஸ்கோப்பில் சிவப்பணு சின்ன வட்டமாகத் தெரியும், மோதிரம் தெரியாது. நல்ல மைக்ரோஸ்கோப்பில்கூட தடித்த ஸ்மியரில் நூறு ஃபீல்டு (ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரியும் வட்டம்) பார்த்த பிறகுதான் "நெகட்டிவ்" என்று எழுதுவோம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் காய்ச்சல்காரர் வீட்டுக்குப் போகிறார்.

பெரிய முட்டைகள், புழுக்கள் என்றால் கதை வேறு. கானாவில் சிறுநீரில் ஷிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவின் முட்டைகளைத் தேடி, ஃபோனில் பொருத்திய ஃபோல்ட்ஸ்கோப்பைச் சோதித்திருக்கிறார்கள். 2015-ல் வெளியான ஆய்வு. வழக்கமான மைக்ரோஸ்கோப்பில் தொற்று உறுதியானவர்களில் 56 சதவீதம் பேரைத்தான் இது பிடித்தது. தொற்று இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்னது 93 சதவீதம். நூறு நோயாளிகளில் நாற்பத்துச் சொச்சம் பேரை விட்டுவிடும் கருவியை எந்த லேபிலும் மேசைமேல் வைக்க முடியாது. இப்படிச் சோதித்து, வந்த எண்ணை மறைக்காமல் வெளியிட்டதற்காக அந்த ஆய்வாளர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. யானைக்கால் நோயின் மைக்ரோஃபைலேரியா (ரத்தத்தில் இருக்கும் இளம்புழு) கால் மில்லிமீட்டர் நீளம். கணக்குப்படி இதில் தெரிய வேண்டும். அந்தப் புழுக்கள் இரவில்தான் வெளி ரத்த ஓட்டத்துக்கு வரும் என்பதால், எட்டரை மணிக்கு மேல் வீடு வீடாகப் போய் விரலில் ரத்தம் எடுத்தவர்கள் நாங்கள். அந்த வேலைக்குப் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு மைக்ரோஸ்கோப் இருந்திருந்தால் என்று இப்போது தோன்றுகிறது.

ஃபோல்ட்ஸ்கோப்பைச் செய்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனு பிரகாஷ் மீரட்டில் பிறந்தவர், கான்பூர் ஐஐடியில் கணினி அறிவியல் படித்தவர். அவருடைய ஆய்வுக்கூடம் 2017-ல் பேப்பர்ஃபியூஜ் என்ற இன்னொன்றையும் வெளியிட்டது. ரத்தத்தை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜின் காகித வடிவம் அது. சோடா மூடியைத் தட்டி இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து இழுத்து விர்ரென்று சுற்றுவோமே, அதே விளையாட்டுதான். காகித வட்டில் ரத்தக் குழாயை ஒட்டி அப்படிச் சுற்றினால் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகிறது, ஒன்றரை நிமிடத்தில் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பிரிந்துவிடுகிறது. அந்த ஆய்வை முன்னின்று செய்த சாத் பம்லா சென்னை ஐஐடியில் படித்தவர். உகாண்டாவில் ஒரு மருத்துவமனையில் கரண்ட் இல்லாததால் சென்ட்ரிஃபியூஜ் கதவுக்கு முட்டுக்கொடுக்கக் கிடந்ததைப் பார்த்துத்தான் பிரகாஷுக்கு இந்த யோசனை வந்ததாம். மின்வெட்டு நேரத்தில் கையால் சுற்றும் சென்ட்ரிஃபியூஜோடு மல்லுக்கட்டிய எனக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கருவியின் கஷ்டம் விஞ்ஞானிக்கும் புதிதல்ல. செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20-ல் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைப் பார்த்த ரொனால்டு ராஸ், தன் வியர்வையிலேயே மைக்ரோஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்துப் போனதையும், மிச்சமிருந்த ஒரே ஐபீஸும் விரிசல் விட்டிருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். அறுத்து வைத்த கொசு காற்றில் பறந்துவிடும் என்று அந்தப் புழுக்கத்தில் விசிறியும் போட்டுக்கொள்ளவில்லை.

வாங்குபவர்களுக்குச் சில விஷயங்கள். உருண்டை லென்ஸ் என்பதால் படத்தின் நடுப்பகுதிதான் தெளிவாக இருக்கும், ஓரம் மங்கும். லென்ஸில் விரல் பட்டால் எல்லாமே மங்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், ஃபோகஸிலேயே சரிசெய்துகொள்ளலாம். வயதான கண்ணுக்கு அதைவிட நல்லது, கூட வரும் காந்தத்தால் ஃபோன் கேமராவில் ஒட்டித் திரையில் பார்ப்பது. சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. வெள்ளைச் சுவரோ ட்யூப்லைட்டோ போதும். பட்டையை நிமிர்த்திப் பிடிப்பதால் தண்ணீர்ச் சொட்டு வழியும், கவர் ஸ்லிப்பின் ஓரங்களில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் கண்ணாடிக் கவர் ஸ்லிப்பைக் கொடுக்காதீர்கள், கையைக் கிழித்துவிடும். அவர்களுக்குச் செல்லோடேப்பிலேயே வெங்காயத்தோலையோ மகரந்தத்தையோ ஒட்டிக் கொடுத்தால் போதும். விரலைக் குத்தி ரத்தம் பார்க்கும் விளையாட்டு வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்புக்கு ஒரு மைக்ரோஸ்கோப் வைத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு நொடி காட்டி அனுப்புவதில் யாருக்கும் எதுவும் தெரியாது. கண் பழகவே பல நிமிடம் வேண்டும். ஒரு சாதாரண மாணவர் மைக்ரோஸ்கோப்பின் விலைக்கு இதில் பல வாங்கலாம் என்பதால், ஆளுக்கு ஒன்று கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போக விடுங்கள். பார்த்ததை வரையச் சொல்லுங்கள். தண்ணீர் எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று ஸ்லைடிலும் நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுதாத ஸ்லைடை நாங்கள் லேபில் வாங்கவே மாட்டோம்.