பாதி விலைக்கு வரும் ஆளி விதை எண்ணெய்

உடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ஆளி விதை எண்ணெயைப் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். நீங்கள்தான் வருடக்கணக்காக வாங்குகிறீர்களே, இரண்டு பாட்டில் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா?" வேண்டவே வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லத் தொடங்கினால் சாப்பாட்டு இடைவேளை போதாது, அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மீன் கிடையாது. ஒமேகா 3 என்ற கொழுப்பு அமிலம் வேண்டுமென்றால் செடியிலிருந்துதான் வர வேண்டும். நம் அடுப்படியில் இருக்கும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் நான்கையும் எப்படி மாற்றி மாற்றி ஊற்றினாலும் அது பேருக்குக்கூடத் தேறாது. நல்லெண்ணெயில் 40 சதவீதம் அளவுக்கும் சூரியகாந்தியில் 60 சதவீதத்தை ஒட்டியும் இருப்பது ஒமேகா 6 வகையைச் சேர்ந்த லினோலிக் அமிலம். கடுகெண்ணெயில் 10 சதவீதம் போல ஒமேகா 3 உண்டு, ஆனால் அந்த நெடிக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் உடன்பட மாட்டார்கள். ஆளி விதை எண்ணெயிலோ பாதிக்கு மேல் ஒமேகா 3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இதெல்லாம் எல்லோரும் படித்ததுதான். நான் சொல்ல வந்தது கசப்பைப் பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிச் சில நாட்களே ஆன ஆளி விதை எண்ணெய் கிடைத்தால் அதற்கு ஈடு கிடையாது. பொன் மஞ்சள் நிறம். மூடியைத் திறந்ததும் பச்சை வேர்க்கடலையை அப்போதுதான் உரித்தது போல ஒரு மணம். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய்தான் என்று சத்தியம் செய்கிறவள் நான். ஒரு நாள் நல்லெண்ணெய் தீர்ந்துபோய் இதைக் குழைத்துச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து காரமான பொடிக்கு இதுதான். மிளகாயின் எரிச்சலை அமர்த்துகிறது, உளுந்தின் வறுத்த வாசனையை முன்னால் கொண்டுவருகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு தண்ணீராக ஊற்றலாம், தேங்காய் எண்ணெய்போல உறைந்து நிற்காது. சூடான சோறும் பருப்புப் பொடியும் இந்த எண்ணெயும் இருந்தால் குழம்பு வைக்கச் சோம்பலாக இருக்கும் இரவுகள் ஓடிவிடும்.

ஆனால் இந்தச் சுகம் இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம். அதற்குப் பிறகு கசப்பு வருகிறது. வாயில் வைத்தவுடன் தெரியாது. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஏறி, அடுத்த கவளத்தையும் அதற்கடுத்த கவளத்தையும் கெடுக்கும். தண்ணீர் குடித்தாலும் போகாது. எண்ணெய் காறிவிட்டது என்று முதலில் முகர்ந்து பார்ப்போம். காறல் வாடை இருக்காது. இரண்டும் வேறு வேறு என்பது படித்த பிறகுதான் விளங்கியது. 2007இல் ஜெர்மனியில் ஆய்வாளர்கள் இந்தக் கசப்புக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கொழுப்பு அமிலம் அல்ல, விதையிலிருந்து எண்ணெயோடு வந்துவிடும் ஒரு சிறு புரதத் துணுக்கு. எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்தது. சைக்ளோலினோபெப்டைடு ஈ என்று பெயர். அந்த வளையத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டதும் கசக்கத் தொடங்குகிறது. ஆகவே ஆட்டிய அன்று கசக்காத எண்ணெய் நாளாக நாளாகக் கசக்கும். சுத்திகரித்த எண்ணெயில் இந்தத் துணுக்கு நீங்கிவிடும், ஆனால் நான் சொன்ன மணமும் கூடவே போய்விடும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கோபம் அதிகமானதே தவிரக் குறையவில்லை. காரணம், எந்தப் பாட்டிலிலும் ஆட்டிய தேதி இல்லை. அடைத்த தேதி இருக்கிறது; அதிலிருந்து ஓர் ஆண்டு வரை நன்றாக இருக்கும் என்று தாராளமாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆட்டி, தொட்டியில் எத்தனை நாள் கிடந்து, எந்தக் கிடங்கின் வெயிலில் காய்ந்து வந்தது என்று யார் சொல்வார்கள்? ஒரு முறை முத்திரை பிரித்த அன்றே கசந்த பாட்டிலைப் படம் எடுத்து, வாங்கிய நிறுவனத்துக்கு எழுதினேன். "கசப்பு தூய்மையின் அடையாளம்" என்று பதில் வந்தது. வேப்பெண்ணெய் விற்கிறவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். பணத்தைத் திருப்பித் தரவில்லை, அடுத்த முறைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தார்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். இந்த எண்ணெயின் குணமே அதுதான். ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகள். காற்றும் வெளிச்சமும் அங்கேதான் கை வைக்கும். உடம்புக்கு எதற்காக வாங்குகிறோமோ அதுவே பாட்டிலுக்குள் கெடுவதற்கும் காரணம். சந்தேகமிருந்தால் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். வழிந்த துளியைத் துடைக்காமல் விட்டால் சில நாளில் மஞ்சள் தோலாக இறுகிவிடும். நகத்தால் நெம்பினால் ரப்பர்போல இழுபட்டு உரியும். மூடி கழுத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். நல்லெண்ணெய் இப்படி ஒரு நாளும் செய்ததில்லை. 1860களில் பிரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் லினோலியம் என்ற தரைவிரிப்பையே செய்தார். ஓவியர்கள் வண்ணம் குழைப்பதும், கிரிக்கெட் மட்டைக்குப் பூசுவதும் இதே எண்ணெய். எங்கள் வீட்டுக்கு அலமாரி செய்ய வந்த தச்சர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை நாங்கள் கதவுக்கு அடிப்போம், நீங்கள் இட்லிக்கு ஊற்றுகிறீர்களா?" என்றார். வன்பொருள் கடையில் 'டபுள் பாயில்டு' என்று விற்கும் ஆளி விதை எண்ணெயை மட்டும் யாரும் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது உண்பதற்கல்ல.

பாட்டிலின் அளவு இன்னொரு எரிச்சல். ஒரு தேக்கரண்டியிலேயே 2 கிராமுக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் ஒரு நாளுக்குப் போதும் என்று சொல்லும் அளவு ஆண்களுக்கு 1.6 கிராம், பெண்களுக்கு 1.1 கிராம். அதாவது கால் லிட்டர் பாட்டில் தனி ஆளுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் வரும். சுவையோ மூன்று வாரத்தில் போய்விடும். மிச்சத்தை மருந்தாக நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே ஊற்ற வேண்டும். 100 மில்லி பாட்டில் போட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? தேடித் தேடி ஒரு சிறு வியாபாரியிடம் அந்த அளவு கிடைத்தது, விலையைப் பார்த்தால் கால் லிட்டரில் பாதிக்கு மேல்.

நாமே ஆட்டிக்கொள்ளலாம் என்று விதையை வாங்கிக்கொண்டு செக்குக்கும் போனேன். "அக்கா, இதை ஆட்டினால் அடுத்து ஆட்டுகிற எள்ளில் வாடை ஏறிவிடும். கடைசி ஆட்டமாக வந்தால் பார்க்கலாம், ஆனால் பத்துக் கிலோவாவது வேண்டும்" என்றார் செக்குக்காரர். அவர் பக்கம் நியாயம்தான். பத்துக் கிலோவில் வரும் எண்ணெயை வைத்துக்கொண்டு தெரு முழுக்க இட்லிப் பொடி கொடுத்தாலும் மூன்று வாரத்தில் தீராது.

பலன் உண்டா என்று கேட்பார்கள். தோல் வறட்சி குறைந்தது போல எனக்குத் தோன்றுகிறது. அதற்கு மேல் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் வியப்பும் இல்லை. டிரைகிளிசரைடை இறக்குபவை மீனில் இருக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா 3 வகைகள் இரண்டும்தான், அதுவும் அதிக அளவில். ஆளி விதையின் அமிலத்தை நம் உடம்பு அவையாக மாற்றுவது மிகக் கொஞ்சம்; டி.எச்.ஏ.வாக மாறுவது அதிலும் சொற்பம். சூரியகாந்தி எண்ணெயின் ஒமேகா 6உம் இந்த மாற்றத்தைச் செய்யும் அதே நொதிக்குத்தான் போட்டிபோடுகிறது. அதனால் பூரியைச் சூரியகாந்தியில் பொரித்துத் தின்றுவிட்டு மேலே ஒரு கரண்டி ஆளி எண்ணெய் குடித்துச் சரிக்கட்ட நினைப்பது வீண். டி.எச்.ஏ.தான் வேண்டும் என்றால் சைவர்களுக்குப் பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் இருக்கிறது. மீனுக்கே அது கிடைப்பது பாசியின் வழியாகத்தான்.

விதையை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கிலோ விலை எண்ணெயைவிட மிகக் குறைவு. ஓட்டுக்குள் இருக்கும் வரை எளிதில் கெடாது. எண்ணெயில் வராத நார்ச்சத்தும் லிக்னான்கள் என்ற தாவரப் பொருள்களும் இருக்கும். முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், பொடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மகாராஷ்டிராவின் விதர்ப்பா பக்கத்தில் இதை வறுத்து, மிளகாயும் பூண்டும் உப்பும் சேர்த்து 'ஜவஸ் சட்னி' என்று பொடியாகவே வைத்திருப்பார்கள். நானும் செய்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

ஆகவே எண்ணெய் வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு. பத்துக்கு நான்கு மதிப்பெண்கூட அதிகம். இதைச் சொல்கிற நானே அடுத்த 100 மில்லிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், பொடிக்கு அது இல்லாமல் முடியவில்லை. நீங்களும் கேட்க மாட்டீர்கள் என்றால், சலுகையில் வாங்காதீர்கள், பெரிய பாட்டில் வாங்காதீர்கள், அடுப்பில் ஏற்றாதீர்கள். பிரித்ததும் ஒரு சொட்டை நாக்கில் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். கசந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள், தூய்மையைப் பற்றி அவர்கள் எழுதும் பதிலுக்கு மசிந்துவிடாதீர்கள்.