ஒரு கவுலுக்கு எந்த ஊசி?

டொரண்டோவில் இருக்கும் தங்கை கேட்டாள்: "கழுத்துல மாட்டிக்கிற மாதிரி ஒண்ணு பின்னிக் குடுக்கா. மஃப்ளர் வேண்டாம், அவுந்து அவுந்து விழுது." அவள் கேட்டது கவுல். தலைவழியாக மாட்டிக்கொள்ளும் கம்பளி வளையம், அவ்வளவுதான். பின்னுவது சுலபம். எந்த ஊசியில் பின்னுவது என்பதில்தான் ஒரு வாரம் போயிற்று.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுத்தரத் தடிமன் நூல், 5 மி.மீ. ஊசி. என் கைக்கு 10 செ.மீ.க்கு 18 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) விழும். 60 செ.மீ. சுற்றளவுக்கு 108 கண்ணி, 25 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 60 சுற்று. 200 மீட்டர் நூல் உள்ள 100 கிராம் உருண்டை ஒன்று போதும். கீழும் மேலும் ஐந்தாறு சுற்று இரண்டு நிட் (வழவழப்பான முகம் தெரியும் கண்ணி), இரண்டு பர்ல் (அதன் மறுபக்கம் தெரியும் கண்ணி) என்று மாற்றி மாற்றி ரிப், அதாவது வரிவரியான பட்டை, போடாவிட்டால் ஓரம் பாயாகச் சுருண்டுகொள்ளும்.

வீட்டில் இருந்தது அம்மாவின் நேர் ஊசி ஜோடி. அதில் பட்டையாகப் பின்னிக் கடைசியில் ஓரங்களைச் சேர்த்துத் தைக்கலாம். செலவே இல்லை. ஆனால் வழவழப்பான முகம் வேண்டுமென்றால் ஒரு வரிசை நிட், திரும்பி வரும்போது பர்ல். வட்டமாகப் பின்னினால் திருப்பும் வேலையே கிடையாது, ரிப் தவிர மற்றதெல்லாம் நிட்தான். பர்ல் போடும்போது என் கை இறுகிவிடும், அது துணியில் கோடு கோடாகத் தெரியும். தைத்த இடமும் கழுத்தில் உறுத்தும். விட்டுவிட்டேன்.

இருமுனை ஊசி செட் பழைய முறை: இரு பக்கமும் கூரான நாலைந்து ஊசிகளில் கண்ணிகளைப் பிரித்து வட்டமாகப் பின்னுவது. 1400 வாக்கில் பெர்ட்ராம் என்ற ஓவியர் வரைந்ததாகச் சொல்லப்படும் பலிபீட ஓவியம் ஒன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கிறது. அதில் மரியாள் இப்படிப் பல ஊசிகளில்தான் சட்டைக் கழுத்தைப் பின்னுகிறார். அவருக்கு வந்தது எனக்கு வரவில்லை. நான்கு ஊசியில் கண்ணி இருந்தால் 60 சுற்றுக்கு 240 முறை ஊசி மாற்றம், சந்திப்புகளில் ஏணிப்படி போல இடைவெளி. சாக்ஸுக்குச் சரி, கவுலுக்கு எதற்கு?

மிச்சம் வட்ட ஊசி, அதாவது வளையும் கேபிளின் இரு முனையிலும் ஊசி உள்ளது. பெரிசா இருந்தா நல்லதுதானே என்று 80 செ.மீ. வாங்கி வந்தேன். 60 செ.மீ. துணி அதைச் சுற்றி எட்டுமா? முதல் கண்ணிக்கும் கடைசிக் கண்ணிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இழுத்துப் பிடித்தால் கண்ணியெல்லாம் வாயைப் பிளந்தது. அப்புறம்தான் மேஜிக் லூப் கற்றுக்கொண்டேன். கண்ணிகளை 54, 54 என்று பிரித்து, நடுவே கேபிளைக் காது மாதிரி வெளியே இழுத்துவிட்டு, பாதி பாதியாகப் பின்னுவது. மொத்தம் 120 இழுப்பு. கேபிள் விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் எரிச்சல்தான்.

40 செ.மீ. ஊசியில் இந்த நிறுத்தமே இல்லை. (அளவு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கேபிளை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள்.) சுற்றின் தொடக்கத்தில் மாட்டிய மார்க்கர் (அடையாள வளையம்) வந்தால் ஒரு சுற்று முடிந்தது, டிவி பார்த்துக்கொண்டே போகலாம். குறை, முனைகள் குட்டை. பிடிக்க இடமில்லாமல் சுண்டுவிரல் மடங்கியே இருக்கும், அரைமணி நேரத்தில் வலிக்கும். சென்னை வியர்வையில் மூங்கில் ஊசியில் அக்ரிலிக் நூல் ஒட்டவும் செய்கிறது. உலோகம் தேவலை.

இன்னொரு வம்பும் உண்டு. சுற்றைச் சேர்க்கும்போது கண்ணி வரிசை கேபிளில் முறுக்கிக்கொண்டால் வளையம் கடைசிவரை முறுக்குதான். மேஜிக் லூப்பில் இரண்டு பாதியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், சட்டென்று தெரியும். 40இல் 108 கண்ணியும் நெருக்கியடிப்பதால் எனக்கு எட்டாவது சுற்றில்தான் தெரிந்தது. எட்டையும் பிரித்தேன். மறுபடி தொடங்கும்போது முதல் இரண்டு வரிசையை நேராகப் பின்னி, பிறகு வட்டமாகச் சேர்த்தேன். பட்டை கொஞ்சம் அகலமானதும் முறுக்கு கண்ணில் பட்டுவிடுகிறது; அடியில் விழும் சின்னப் பிளவை வால் நூலால் மூடிவிடலாம்.

ஒரே ஒரு ஊசிதான் வாங்குவேன் என்பவர்களுக்கு 80. கவுல் மட்டும் போதுமென்றால் 40, யோசிக்கவே வேண்டாம். தங்கைக்குப் போனதும் 40இல் பின்னியதுதான். இப்போது மாப்பிள்ளைக்குக் குல்லாய் வேண்டுமாம். உச்சியில் கண்ணி குறையக் குறைய 40 எட்டாது, 80ஐ எடுத்து வைத்திருக்கிறேன்.